காவேரி-7க்கு வந்த மேற்கோள்கள்

14 பிப்ரவரி 2024, விபூதிப் புதன்

+ நெற்றியில் சாம்பலோடு எழுதுகிறேன். இன்று எனக்கு ஒருசந்தி, ஒருவேளைச் சாப்பாடுதான். இவருக்குக் கிடையாது, திங்கட்கிழமைதான் இடது கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். காலைப் பூசைக்குப் போய்வந்து சொட்டு மருந்து போட்டேன். "கையைக் கழுவினியா?" என்றார். இந்த வீட்டில் நாற்பது வருஷமாகக் கை கழுவாமல் எதையும் தொடாத ஒரே ஆள் நான். எதிர்த்துப் பேசுவதில்லை என்பதுதான் இந்தத் தவக்காலத்துக்கு நான் எடுத்திருக்கும் ஒறுத்தல்.

பத்து மணிக்குக் கணினியைத் திறந்து எண்ணினேன். காவேரி-7 கட்டுரைக்கு மேற்கோள் 411. புத்தாண்டன்று 388. ஒன்றரை மாதத்தில் இருபத்துமூன்று! போன வருஷம் முழுவதற்கும் சேர்த்து ஒன்பதுதான். மரியே வாழ்க.

ஓடிப்போய்ச் சொன்னேன். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

19 பிப்ரவரி, திங்கள்

+ மேற்கோள் 415.

எனக்குப் பின்னால் யாராவது இந்த நோட்டை எடுத்தால் விளங்க வேண்டும் என்பதற்காக எழுதி வைக்கிறேன். என் கணவர் சவரிநாதன், செல் உயிரியல் பேராசிரியர். திருச்சிக்கு வெளியே உள்ள பல்கலைக்கழகத்தில் இருபத்தொன்பது வருஷம். ஓய்வு பெற்ற பிறகும் தகைசால் பேராசிரியர் என்று ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். கதவில் பெயர்ப்பலகை உண்டு. எழுதிய கட்டுரைகள் 74. ஒரு கட்டுரையை உலகத்தில் வேறு யாராவது தம் கட்டுரையில் குறிப்பிட்டால் அது ஒரு மேற்கோள். பத்தொன்பது கட்டுரைகளுக்குத் தலா பத்தொன்பது மேற்கோளாவது இருந்தால் எச்-எண் பத்தொன்பது என்பார்கள். இவருடையது பத்தொன்பது. இருபது ஆவதற்கு மீன் செல் பற்றிய ஒரு கட்டுரைக்கு இரண்டு மேற்கோள் குறைகிறது. அதற்காகத் தினமும் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்கிறேன்.

நான் படித்தது பத்தாவது. இங்கிலீஷை அகராதி வைத்து நானே படித்தேன். கல்யாணமான புதிதில் இவர் சொன்னார்: "உனக்கு உள்ள இருக்கிறது புரியாது. கடைசிப் பக்கத்துப் பட்டியல்ல என் பேர் இருக்கான்னு மட்டும் பாரு. இருந்தா டிக் அடி." அன்றிலிருந்து பச்சை மையில் டிக் அடிக்கிறேன். அது மேற்கோள் பதிவேடு. தபால் பதிவேடு தனி: வரிசை எண், தேதி, அனுப்பியவர், பொருள், நடவடிக்கை. 1986 முதல் ஒரு நாள் விட்டதில்லை. பதிவுத் தபாலுக்கு இவர் பெயரில் நானே கையெழுத்துப் போடுவேன். எங்கள் தபால்காரர்கள் அத்தனை பேருக்கும் பழக்கம். எந்தத் தாளானாலும் பேனா வைத்ததும் முதலில் ஒரு சின்னச் சிலுவை போட்டுவிடும் கை. என் அப்பா பழக்கியது. சிலிண்டர் ரசீதில்கூடப் போட்டிருப்பேன்.

காவேரி-7 என்பது செல். லால்குடிப் பக்கம் நாற்று நடும் ஓர் அம்மாவின் கன்னத்துப் புற்றிலிருந்து எடுத்து, ஆய்வகத்தில் தட்டில் வளர்த்து, 2003இல் இவர் கட்டுரை எழுதினார். வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் கேட்டு வாங்கினார்கள். அந்த அம்மா அப்போதே இறந்துவிட்டார். கல்லறைத் திருநாளில் எங்கள் வீட்டுக் கல்லறைகளுக்கு ஏற்றிய பிறகு அந்த அம்மாவுக்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றுவேன்.

21 பிப்ரவரி, புதன்

+ முருங்கையில் கம்பளிப்பூச்சி. தீப்பந்தம் காட்டினேன்.

26 பிப்ரவரி, திங்கள்

+ மேற்கோள் 419.

இந்த வருஷம் வந்த முப்பத்தொரு கட்டுரைகளையும் அச்செடுத்து, கண் தெளிந்ததும் இவருக்குக் காட்டலாம் என்று நினைத்தேன். முதலில் வந்தது போலந்து நாட்டுக் கட்டுரை. கடைசிப் பக்கத்தில் இவர் பெயர் பதினான்காம் எண்ணில் இருந்தது. நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக, பதினான்கு என்று உள்ளே எங்கே போட்டிருக்கிறார்கள் என்று தேடினேன். அகராதி எடுத்து, ஒவ்வொரு சொல்லாக.

"காவேரி-7 போன்ற, அடையாளம் தவறான செல்களைக் கொண்டு செய்த ஆய்வுகளின் முடிவுகளை நம்ப இயலாது."

இன்னொன்றைத் திறந்தேன். இன்னொன்று. முப்பத்தொன்றில் இருபத்தொன்பது இதே மாதிரி. ஒன்றில் 'வருந்தத்தக்க உதாரணம்' என்று இருந்தது. எல்லாவற்றிலும் இவர் பெயருக்குப் பக்கத்திலேயே இன்னொரு பெயரும் இருந்தது. சௌந்தரவல்லி, 2023.

மகராசி.

இவருடைய மாணவி. 2004இல் மண்ணச்சநல்லூரிலிருந்து இரட்டைச் சடையோடு வந்தவள். நான் ஆய்வகத்துக்குக் கொடுத்தனுப்பும் எலுமிச்சஞ்சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்தவள். "அம்மா கைக்கு மோதிரம் போடணும்" என்பாள். இவர் அவளை வல்லி என்பார். என்னைச் சிசிலியா என்று முழுசாகத்தான் கூப்பிடுவார், ஆஸ்பத்திரியில் டோக்கன்காரர் கூப்பிடுவது மாதிரி.

முப்பத்தொரு டிக்கும் என் கையால் அடித்தது. பேனாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

27 பிப்ரவரி, செவ்வாய்

+ ஒறுத்தல் உடைந்தது. கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"நவம்பர்ல அவ பேப்பர் வந்தப்பவே தெரியும்."

"எங்கிட்ட சொல்லலையே."

"உங்கிட்ட சொல்லி? நீ டிக் அடிச்சுக்கிட்டிரு."

பிறகு தானாகவே சொன்னார், கூரையைப் பார்த்துக்கொண்டு. "பால்ல ஒரு சொட்டு மோர் விழுந்தா என்னாகும்?"

"உறைஞ்சிடும்."

"அதேதான். எழுபது வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவுல ஒரு பொம்பளைக்குக் கர்ப்பப்பை வாய்ல வந்த புத்து. அந்த செல்லு இல்லாத லேப்பே உலகத்துல இல்ல. எங்கிட்டயும் இருந்துச்சு. ஒரே பெட்டிக்குள்ள வெச்சு ரெண்டையும் கையாண்டோம். எப்பவோ ஒரு சொட்டு இதுல விழுந்திருக்கு. நம்ம லால்குடி அம்மா செல்லு செத்துப்போச்சு. அமெரிக்காக்காரி வளர்ந்துட்டா. நான் அதுக்குக் காவேரின்னு பேர் வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

இருபது வருஷமாக நான் மெழுகுவத்தி ஏற்றியது யாருக்கு?

"தப்பு நடக்கும், சிசிலியா. எல்லா ஊர்லயும் நடந்திருக்கு. திருத்தம் போட்டா முடிஞ்சுது. ஆனா அவ செஞ்சா பாரு. இங்க இருந்து கிளம்பும்போது 'சந்தேகமா இருக்கு சார்'னா. புரூஃப் கொண்டா, நானே திருத்தறேன்னேன். போனவ ஒரு வரி எழுதலை. சந்தேகம் தீந்துடுச்சு போலிருக்குன்னு நானும் மேல மேல எழுதினேன். இப்ப பதினஞ்சு வருஷம் கழிச்சு ஊரைக் கூட்டிச் சொல்றா. சோறு போட்ட கையைக் கடிக்கிற ஜென்மம்."

நன்றி கெட்டவள் என்றேன். ஒரு வரி எழுதியிருக்கலாமே என்று நானும் சொன்னேன். சொல்லிவிட்டு, அடுப்பில் எதுவும் இல்லாமலேயே சமையலறைக்குப் போனேன்.

4 மார்ச், திங்கள்

+ மேற்கோள் 422. டிக் அடிக்கவில்லை. எண்ணிக்கை மட்டும்.

பல்கலைக்கழகத்திலிருந்து பதிவுத் தபால். மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு. இவருக்கு இன்னும் எழுத்து கலங்கலாகத்தான் தெரிகிறது. "படி" என்றார். படித்தேன். மார்ச் 20 காலை பதினோரு மணிக்கு நேரில் வர வேண்டும். செல் மாறிப்போனது தெரியாமல் நடந்ததென்றால் திருத்தம் வெளியிட்டால் போதும். 2009க்குப் பிறகு வந்த ஒன்பது கட்டுரைகளும் தெரிந்தே எழுதப்பட்டவை என்று கண்டால் அவை திரும்பப் பெறப்படும். தகைசால் பதவி நீக்கப்படும்.

"தெரிஞ்சேன்னு எவன் சொல்றான்?"

"போட்டிருக்கு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மூன்றாவது பத்தியை நான் படிக்கவில்லை. நீளமாக இருந்தது.

5 மார்ச், செவ்வாய்

+ தூக்கம் இல்லை. ஜெபமாலை இரண்டு முறை.

8 மார்ச், வெள்ளி

+ கிரைண்டர் பெல்ட் அறுந்தது. கருமண்டபம் வரை நடந்து போய் வாங்கி வந்தேன். சுத்தபோசனம், கறி கிடையாது: கீரை, ரசம். மாலை சிலுவைப் பாதை.

பழைய தபால் பதிவேடுகள் பரணில், எவர்சில்வர் அண்டாவுக்குள் இருக்கின்றன. அண்டாவை இறக்கித் தூசி தட்டலாம் என்று ஏணி போட்டேன். பிறகு வேண்டாம் என்று மடக்கி வைத்துவிட்டேன். அதில் எடுத்துப் பார்க்க வேண்டிய வேலை எதுவும் இல்லை.

இவர் வரவேற்பறையில் தனியாகப் பேசிப் பழகுகிறார். "ஒரு வரி, ஐயா! ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்கே திருத்தியிருப்பேன்!" என்று நாற்காலியைப் பார்த்து முழங்குகிறார்.

15 மார்ச், வெள்ளி

+ பாவசங்கீர்த்தனம். மூன்று பாவம் சொன்னேன்: கணவரை எதிர்த்துப் பேசியது, பூசையில் கவனம் சிதறியது, ஒரு பெண்ணைப் பற்றிக் கெட்டதாக நினைத்தது. ஃபாதர் எட்வின், "அவ்வளவுதானாம்மா?" என்றார். எல்லோரிடமும் அப்படித்தான் கேட்பாராக்கும்.

20 மார்ச், புதன்

+ வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டேன். நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்பினேன். "இன்னிக்கு அவளைக் கிழிச்சுத் தொங்க விட்டுட்டு வர்றேன்" என்று கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனார்.

நான்கு மணிக்குத் திரும்பினார். சாப்பிடவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று, "சிலிண்டர் ரசீதைக் கொண்டா" என்றார்.

கொண்டுவந்தேன். ஜன்னலருகே போய், புதுக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

21 மார்ச், வியாழன்

+ துறைத்தலைவர் இளம்பரிதி தொலைபேசியில் கூப்பிட்டார். இவரிடம் படித்தவர்தான். இவர் குளித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, சார் எப்படி இருக்காரு? ராத்திரி தூங்கினாரா?"

"அவருக்கென்ன? நல்லா இருக்காரு."

"இல்லம்மா... நேத்து அப்படி ஆகிப்போச்சே. கடுதாசியே வரலைன்னு சார் அடிச்சுப் பேசினாரு. கேக்கவே நல்லா இருந்துச்சு. உடனே சௌந்தரவல்லி பைலுக்குள்ளேர்ந்து ஒரு அட்டையை எடுத்துப் போட்டாங்க. பழைய அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு. 2009ல டெஸ்ட் ரிசல்ட்டை வீட்டு முகவரிக்குப் பதிவுத் தபால்ல அனுப்பியிருக்காங்க. வாங்கினதுக்கு சார் கையெழுத்து இருக்கு. நோட்டீஸ்லயே மூணாவது பாராவுல போட்டிருந்தோமே, சார் படிக்கலையா?"

"கண்ணு சரியில்லை."

"அதைக் கையில வாங்கிப் பாத்தாரும்மா. அப்புறம், 'என் கையெழுத்துதான். கடுதாசி வந்துது. மறைச்சுட்டேன்'னு சொல்லிட்டு எந்திரிச்சுட்டாரு. அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு. ஏப்ரல் அஞ்சாம் தேதி அறிக்கை. பெயர்ப்பலகையை நாங்களே கழட்டி வீட்டுக்குக் குடுத்து அனுப்பிடறோம்மா. ஆள் விட்டுக் கழட்டினா நல்லா இருக்காது."

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ரசத்துக்கு உப்பு இரண்டு முறை போட்டுவிட்டேன். இவர் அப்படியே சாப்பிட்டு எழுந்தார்.

22 மார்ச், வெள்ளி

+ அவள் வந்தாள். காலை பத்தேகாலுக்கு, என் வீட்டு வாசலுக்கு.

பின்னல் இல்லை, முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். நரை. கண்ணாடி. நான் கிரில் கதவைத் திறக்காமல் உள்ளேயே நின்றேன்.

"சார் இருக்காங்களாம்மா?"

"தூங்கறார்." உள்ளே இவர் இருமினார்.

"நான் சண்டை போட வரலை."

"பின்ன? எலுமிச்சஞ்சோறு கட்டிட்டுப் போக வந்தியா?"

அவள் சிரிக்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். கடுதாசிக்குப் பதில் போடலை, சரி. புரொமோஷன் நேரம், பயந்திருப்பாருன்னு வெச்சுக்கிட்டேன். ஆனா 2011ல எனக்கு ஒரு வேலை கிடைக்க இருந்துச்சு. என்னைப் பத்திக் கேட்டு இவருக்கு எழுதினாங்க. 'நம்பத்தக்கவர் அல்லர்'னு ஒரு வரி எழுதி அனுப்பினாரு. அது ஏம்மா? மூணு வருஷம் மண்ணச்சநல்லூர்ல ஒன்பதாங்கிளாஸ் பசங்களுக்கு டியூஷன் எடுத்தேன். டாக்டர் டீச்சர்னு கிண்டல் பண்ணுவாங்க. நான் ஊரைக் கூட்டியா சொன்னேன்? வீட்டுக்குத்தானே எழுதினேன், யாருக்கும் தெரிய வேண்டாம்னு?"

அந்த ஒரு வரிக் கடிதம் எனக்கு நன்றாகத் தெரியும். அதைத் தட்டச்சு செய்தது யார் என்று அவள் கேட்கவில்லை.

"பெரியவங்க காரணமில்லாம எழுத மாட்டாங்க" என்றேன்.

தலையை ஆட்டினாள். படியிறங்கப் போனவள் திரும்பி, "அந்த அட்டையில கையெழுத்துக்கு மேல சின்னதா ஒரு பிளஸ் போட்டிருக்கு. அஞ்சு வருஷம் சார் கையெழுத்தைப் பாத்திருக்கேன். அவரு அப்படிப் போட்டதில்லை. உங்களுக்கு எதுனா தெரியுமா?"

"தெரியாது."

கிரில் கம்பிகளுக்கு நடுவே என்னையே பார்த்தாள். "சரிம்மா. உங்க மேல எனக்கு எந்தக் கோவமும் இல்லை. நல்லா சோறு போட்டீங்க."

போய்விட்டாள். அவள் காறித் துப்பியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் நின்ற இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.

24 மார்ச், குருத்தோலை ஞாயிறு

+ குருத்தோலையைப் படத்துக்குப் பின்னால் செருகிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து இவர் கேட்டார்.

"என்ன பண்ணினே அதை?"

நான் திரும்பவில்லை. "எதை?"

"நடிக்காதே சிசிலியா. உன் சிலுவையை எனக்குத் தெரியாதா? அரிசி மூட்டையிலயும் போடுவே, அட்டையிலயும் போடுவே."

"அப்புறம் ஏன் உங்க கையெழுத்துன்னு சொன்னீங்க? நான் கேட்டேனா, என்னைக் காப்பாத்துங்கன்னு?"

"உன்னைக் காப்பாத்தவா?" சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இதற்கு முன் கேட்டதில்லை. "எழுபத்துநாலு பேப்பர் எழுதினவன். என் தபாலை என் பொண்டாட்டி பிரிச்சுப் படிச்சு, எது எனக்கு வரலாம் எது வரக்கூடாதுன்னு முடிவு பண்ணினான்னு அந்த மூணு பேரு முன்னாடி சொல்லச் சொல்றியா? அதுக்குப் பொய்யன்னே இருந்துட்டுப் போறேன். பொய்யனுக்காவது ஒரு மரியாதை இருக்கு."

"நானே போய்ச் சொல்றேன்."

"போனே, திரும்பி இந்த வீட்டுக்கு வராதே. கத்தரிக்காய் வாங்கறதோட உன் கணக்கு நிக்கட்டும்."

நாற்பது வருஷம் இவருடைய பெயர் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணியிருக்கிறேன். என் பெயர் எந்தக் கடைசிப் பக்கத்திலும் இல்லை.

28 மார்ச், பெரிய வியாழன்

+ மறுபடியும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அதே மூன்றைச் சொல்லிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தேன். மறுபடி முழங்காலிட்டேன். நான்காவதையும் சொன்னேன். இனி இங்கேயும் எழுதிவிட வேண்டும்.

2009 மார்ச் 17, செவ்வாய். ஐதராபாத்திலிருந்து அவளுடைய பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பிரித்தேன். 'அன்புள்ள சார்' என்று தொடங்கியது. அன்புள்ள! அகராதி வைத்து அன்று மதியம் முழுதும் படித்தேன். முப்பத்தொரு சொல்லுக்கு அர்த்தம் பார்த்தேன். காவேரி-7 காவேரி-7 அல்ல என்பது புரிந்தது. அன்று மேற்கோள் 61. இருபத்துநான்காம் தேதி இவருக்குப் பேராசிரியர் பதவி உயர்வுக்கான நேர்காணல். அதுவரைதான் என்று நினைத்தேன். அன்று மங்கள வார்த்தைத் திருநாளுக்கு ஒன்பது நாள் நவநாள் தொடக்கம். பங்குக் கோயிலில் வேண்டுதல் கடிதம் போடும் பெட்டி வைத்திருந்தார்கள். நவநாள் முடியும்வரை மாதாவின் பொறுப்பில் இருக்கட்டும் என்று கடிதத்தை நான்காக மடித்து அதில் போட்டேன். கடைசி நாள் பூசையில் வேண்டுதல்களை எல்லாம் தூபத்தோடு எரிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். முப்பது வருஷமாகத் தெரியும்.

இவர் பேராசிரியர் ஆனார். மாதாவே முடிவு செய்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, அப்படி நினைத்துக்கொள்ளப் பழகினேன்.

"பாவம் போயிடுச்சும்மா" என்றார் ஃபாதர். "தப்பு அங்கேயேதான் இருக்கு. அந்தக் கடுதாசிய உரியவங்ககிட்ட சேத்துடுங்க."

"எரிஞ்சுபோச்சே சாமி."

"மத்தியானம் பூரா படிச்சேன்னீங்களே. எரிஞ்சது காகிதம்தானே?"

29 மார்ச், பெரிய வெள்ளி

+ ஒருசந்தி. எழுதினேன். அகராதி பார்த்துப் படித்தது மறப்பதில்லை. அவள் கடிதம் முழுதும், இங்கிலீஷில் நான்கு பக்கம். இரண்டு எண்கள் மட்டும் நினைவுக்கு வரவில்லை. அந்த இடங்களில் கோடு விட்டேன். இட்டு நிரப்பவில்லை.

30 மார்ச், பெரிய சனி

+ காலை எட்டு மணிக்கு இவர் முன்னால் கடிதத்தை வைத்தேன். "பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வந்த தபால்" என்றேன்.

மூக்குக் கண்ணாடி இல்லாமலே படித்தார். ஆபரேஷன் நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். கடைசிப் பத்தியை இரண்டாம் முறை படித்தார். அது எனக்கு மனப்பாடம். 'நீங்களே கண்டுபிடித்ததாகத் திருத்தம் வெளியிடுங்கள், சார். என் பெயர் வேண்டாம். உங்கள் பதில் வரும்வரை யாரிடமும் சொல்ல மாட்டேன்.'

"இதை அன்னிக்கே குடுத்திருந்தா..." என்று ஆரம்பித்தார்.

தெருவில் மீன்காரர் கூவிக்கொண்டு போனார்.

"அன்னிக்கே குடுத்திருந்தா, கிழிச்சுத்தான் போட்டிருப்பேன்" என்றார்.

"கிழிச்சிருப்பீங்க. உங்க தபால், நீங்க கிழிச்சிருக்கணும். அந்தப் பாவத்தை நான் வாங்கிக்கிட்டேன்."

"அனுப்பாதே, சிசிலியா."

"அண்டா கனமா இருக்கு. ஏணியைப் பிடிங்க."

பிடிக்கவில்லை. நானே ஏறி இறக்கினேன். 2009 பதிவேடு, வரிசை எண் 43. 'அனுப்பியவர்: சௌந்தரவல்லி. பொருள்: செல் அடையாளச் சோதனை முடிவு. நடவடிக்கை: மாதாவிடம் ஒப்படைக்கப்பட்டது.' அப்போதும் என்னால் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஜெராக்ஸ் கடையில் பதிவேட்டுப் பக்கம், அதே வருஷத்தில் என் கையெழுத்துள்ள வேறு மூன்று பக்கம், கடிதத்தின் பிரதி, எல்லாம் இரண்டிரண்டு எடுத்தேன். நடந்ததைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி மேலே வைத்தேன். 2011இல் அந்த ஒரு வரியைத் தட்டச்சு செய்ததையும் எழுதினேன். அந்த ஒன்பது கட்டுரைகளையும் இவர் தெரிந்து எழுதவில்லை, தெரியாமல் எழுதினார், அதற்கும் அந்த ஒரு வரிக்கும் காரணம் நான் என்றும் எழுதினேன். ஒன்று குழுவுக்கு, ஒன்று அவளுக்கு, இப்போது வேலை பார்க்கும் புனேக்கு. பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு.

அவளுக்கு மன்னிப்புக் கேட்டு எதுவும் எழுதவில்லை. அவளை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. 'அன்புள்ள' என்று அவள் எழுதியிருக்கத் தேவையில்லை.

1 ஏப்ரல், திங்கள்

+ பாஸ்கா முடிந்தது. மேற்கோள் 431.

மேற்கோள் பதிவேட்டில் புதிதாக ஒரு பத்தி கோடு போட்டேன்: 'எதிர்த்து'. பச்சை டிக்குகளை அழிக்கவில்லை. ஒவ்வொரு கட்டுரையாகத் திறந்து, உள்ளே படித்து, உரிய பத்தியில் சேர்க்கிறேன். ஒரு நாளைக்கு நான்குதான் முடிகிறது.

6 ஏப்ரல், சனி

+ இரண்டு அட்டைகளும் இன்று ஒன்றாகத் திரும்பி வந்தன. பல்கலைக்கழகத்து அட்டையில் முத்திரையும் யாரோ எழுத்தரின் கிறுக்கலும். புனே அட்டையில் அவளே போட்டிருக்கிறாள்: முழுப் பெயர், தேதி, வாங்கிய நேரம்கூட. மணி மணியான எழுத்து. அதையும் பொறுக்க முடியவில்லை.

குழுவின் அறிக்கை வரவில்லை. பதினெட்டாம் தேதி மறு விசாரணையாம். இந்த முறை என்னையும் அழைத்திருக்கிறார்கள். உறை என் பெயருக்கு வந்தது. என் பெயருக்கு வந்த முதல் அலுவலகத் தபால்.

வீட்டை விட்டுப் போ என்று இவர் சொல்லவில்லை. எதுவுமே சொல்லவில்லை, இன்றோடு ஏழு நாள். சொட்டு மருந்தைத் தானே போட்டுக்கொள்கிறார்; பாதி கன்னத்தில் வழிகிறது. நான் கையைக் கழுவிக்கொண்டு கதவோரம் நிற்கிறேன். கூப்பிடுவதில்லை.

மாலை 2009 பதிவேட்டைத் திறந்தேன். வரிசை எண் 43இல் நடவடிக்கைப் பத்தியில் விரற்கடை இடம் மிச்சம் இருந்தது. பழைய வரியை அடிக்கவில்லை. கீழே எழுதினேன்:

'மாதா திருப்பி அனுப்பிவிட்டார். 30-3-2024 அன்று உரியவரிடம் கொடுக்கப்பட்டது.'

சிலுவை போட்டு, இவர் பெயரை எழுதப் போன கையை நிறுத்தி, என் பெயரில் கையெழுத்துப் போட்டேன்.